இயந்திரங்களின் நினைவு

கணிப்பொறிக்கு நினைவு உண்டு என்று நாம் சொல்கிறோம். மனிதருக்கு உரிய ஒரு சொல்லை இயந்திரத்துக்கு இரவல் கொடுத்திருக்கிறோம். இரவலாகப் போன சொல், சில சமயம் குழப்பத்தையும் உடன் அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. சேலத்துக் கடைவீதியில் கைப்பேசி வாங்கப் போகிறீர்கள். கடைக்காரர், "இதில் எட்டு ஜி.பி. நினைவகம், அதோடு 128 ஜி.பி. நினைவகம்" என்கிறார். இரண்டும் நினைவகந்தானே, கூட்டி 136 என்று சொல்லிவிடலாகாதா என்று என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் கேட்டார். கேள்வி நல்ல கேள்வியே. ஆனால் வீட்டுத் திண்ணையின் நீளத்தையும், உள்ளே இருக்கும் குதிரின் கொள்ளளவையும் கூட்டிச் சொல்லுவார் உண்டோ? திண்ணையும் வேண்டும், குதிரும் வேண்டும். ஆயினும் அவை செய்யும் வேலை வேறு.

கணிப்பொறியின் நினைவகங்கள் பல வகைப்படும். அவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்வதால் பயன் சிறிது. எந்த நினைவகத்தைக் கண்டாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொண்டால் போதும். முதற்கேள்வி: மின்சாரம் நின்றால், எழுதியது நிற்குமா? இரண்டாம் கேள்வி: எழுதியதை மாற்றி எழுத முடியுமா? இவ்விரண்டும் ஒரே கேள்வி என்று மயங்குவோர் மிகப் பலர். நிலைத்திருப்பது வேறு, மாறாதிருப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பற்றி நாட்டின் உச்ச நீதிமன்றத்திலேயே விவாதம் நடந்தது என்றால், இது வெறும் பாடநூல் நுணுக்கம் அன்று என்பது விளங்கும். அந்த இடத்துக்குப் பின்னர் வருவோம்.

முதலில், நினைவகத்தில் எழுதப்படுவதுதான் யாது? உண்டு அல்லது இல்லை, ஒன்று அல்லது சுழி என்னும் இரண்டே குறிகள். இத்தகைய ஒரு குறிக்குப் பிட் என்று பெயர். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தால் ஒரு பைட். 1,024 பைட்டுகள் ஒரு கிலோபைட். இன்று பெரிதும் வழங்கும் யூ.டி.எஃப்.-8 என்னும் குறியீட்டு முறையில், தமிழின் ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். 'தமிழ்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி ஆகிய ஐந்து குறிகள், ஆகவே 15 பைட்டுகள், 120 பிட்டுகள். நம் மொழியின் பெயரை எழுதிவைக்க, 'உண்டு' 'இல்லை' என்று 120 முறை இயந்திரம் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறி எதன்மேல், எவ்வாறு குறிக்கப்படுகிறது என்பதில்தான் நினைவக வகைகள் பிரிகின்றன.

மின்சாரமே இல்லாத நினைவகம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. சேலம் மாவட்டத்து இளம்பிள்ளைக்குச் சென்றவர்கள், சேலைத் தறியின் தலைக்குமேல் துளையிட்ட அட்டைகள் மாலைபோலக் கோக்கப்பட்டுச் சுழல்வதைக் கண்டிருப்பார்கள். அது ஜக்கார்டு என்னும் அமைப்பு. பிரெஞ்சு நாட்டு ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கியது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே செல்லும். துளை இல்லாத இடத்தில் தடைபட்டு நிற்கும். அதற்கேற்பப் பாவு நூல் உயரும் அல்லது உயராது. துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டு குறிகளால் மாங்காய்க் கரையும் மயில் முந்தானையும் எழுதப்பட்டுவிடுகின்றன. தறியை நிறுத்திவிட்டு மறுநாள் ஓட்டினாலும் கோலம் மறையாது; ஆகவே நிலைத்த நினைவகம். தறி ஓடும்போது அந்தக் கோலத்தை மாற்றவும் இயலாது. மாற்ற வேண்டுமாயின் வேறு அட்டை அடிக்க வேண்டும். ஆகவே 'படிக்க மட்டும்' என்னும் வகை. ஆங்கில முதலெழுத்துகளால் 'ரோம்' என்று நாம் வழங்கும் நினைவகத்தின் இயல்பு முழுவதும் அந்த அட்டையிலேயே அடங்கியிருக்கிறது.

அடுத்து, மின்னணுக் கணிப்பொறிக்கு வருவோம். நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதற் பெருங் கணிப்பொறி, பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கியது. அதனைக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் அவர்கள். 1962-இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். அதன் நினைவகம், ஃபெரைட் என்னும் காந்தப் பொருளால் ஆன சிறு சிறு வளையங்களால் அமைந்தது. பாவும் ஊடும் போலக் கம்பிகளை நெடுக்கும் குறுக்கும் ஓடவிட்டு, அவை சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வளையத்தைக் கோத்திருப்பார்கள். வளையத்தின் காந்தம் வலமாகச் சுற்றினால் ஒன்று. இடமாகச் சுற்றினால் சுழி.

அந்த இயந்திரம் ஒரே சமயத்தில் 2,048 சொற்களை நினைவில் வைக்கும். இங்கே சொல் என்பது 40 பிட்டுகள் கொண்ட ஓர் அலகு. பெருக்கிப் பாருங்கள்: 81,920 பிட்டுகள், அதாவது 10,240 பைட்டுகள், சரியாகப் பத்துக் கிலோபைட். தமிழில் எழுதினால் 3,413 எழுத்துக் குறிகளுக்கு இடம் உண்டு. இரண்டு பக்கக் கட்டுரைகூட அடங்காது. எட்டு ஜி.பி. என்று கடைக்காரர் சொன்னாரே, அந்த நினைவகம் டிஃப்ராக்கின் நினைவகத்தைப் போல எட்டு இலட்சம் மடங்குக்கு மேற்பட்டது. ஆயினும் அந்தப் பத்துக் கிலோபைட்டைக் கொண்டே அணு இயற்பியல் கணக்குகளை நம் அறிஞர்கள் போட்டார்கள்.

காந்த வளையத்தில் ஒரு விந்தை உண்டு. மின்சாரம் நின்றாலும் காந்தம் அப்படியே நிற்கும். ஆனால் எழுதியிருப்பதைப் படித்தால், படிக்கும் செயலே எழுத்தை அழித்துவிடும்! ஒவ்வொரு முறை படித்தவுடனும் இயந்திரம் அதனைத் திரும்ப எழுதிவைக்க வேண்டும். 'நிலைத்த நினைவகம்' என்பதால் அது தொட்டாலும் அழியாது என்று கொள்ளலாகாது என்பதற்கு இது முதற் சான்று.

காந்த வளையங்களின் காலம் 1970-களில் மங்கியது. அவற்றின் இடத்தைச் சிலிக்கன் சில்லுகள் பிடித்துக்கொண்டன. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு என்பவர் 1966-இல் ஒரு கருத்தைக் கண்டார். 1968-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பிட்டைக் குறிக்க ஒரு டிரான்சிஸ்டரும், மின்னூட்டத்தைத் தேக்கும் மிகச் சிறிய ஒரு மின்தேக்கியும் போதும் என்பதே அக்கருத்து. தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லையேல் சுழி. 1970-இல் இன்டெல் நிறுவனம், மின்னூட்டத்தைத் தேக்கிக் குறிக்கும் வகையில் 1,024 பிட்டுகள் கொண்ட சில்லு ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று நம் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் 'ரேம்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுவே. முழுப் பெயர் டி-ரேம்.

இதில் ஒரு குறை உண்டு. அந்தத் தேக்கி, கசியும் குடம் போன்றது. நிரப்பிவைத்த மின்னூட்டம் தானாகவே கசிந்துபோகும். ஆகவே குடம் வற்றுமுன் மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் சில்லு முழுவதும் ஒரு சுற்று நிரப்பப்பட்டுவிடும்; அதாவது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 15 முறை. நிரப்பும் கை மின்சாரம். கை நின்றால், நினைவு வற்றிவிடும். தேர்வுக்கு முதல்நாள் கட்டுரையைத் தட்டெழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால், சேமிக்காத பகுதி மறைந்துபோவதன் காரணம் இதுதான். அது கணிப்பொறியின் மறதி அன்று, அதன் அமைப்பு.

எஸ்-ரேம் என்று மற்றொரு வகை உண்டு. இதில் ஒரு பிட்டுக்கு வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர்கள். ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரு மல்லர்களைப் போல, அவை ஒரு நிலையில் உறுதியாக நிற்கும். இதற்கு மறுபடி மறுபடி நிரப்ப வேண்டியதில்லை, வேகமும் மிகுதி. ஆனால் இடமும் விலையும் கூடுதல். ஆகவே கணிப்பொறியின் மூளையாகிய செயலியின் உள்ளே, மிகச் சிறு அளவில், உடனுக்குடன் வேண்டியவற்றை வைத்துக்கொள்ள மட்டும் இது பயன்படுகிறது. மின்சாரம் நின்றால் இதுவும் மறந்துவிடும்.

இனி, மறவாத சில்லுகளைப் பார்ப்போம். ரோம் என்பதில் செய்தி தொழிற்சாலையிலேயே பொறிக்கப்படுகிறது. ஜக்கார்டு அட்டையைப் போல. பி-ரோம் என்பது வெறுமையாக வரும். வாங்கியவர் ஒருமுறை மட்டும் பொறிக்கலாம். பனையோலையில் எழுத்தாணி கொண்டு கீறியது போல, கீறியது கீறியதுதான். இதனைத் தொழில்நுட்பத்தார் 'எரித்து எழுதுதல்' என்பர். ஏனெனில் தொடக்க காலச் சில்லுகளில் நுண்ணிய இணைப்புகள் உண்மையாகவே எரித்து அறுக்கப்பட்டன.

ஒருமுறை தவறாக எழுதினால் சில்லையே எறிந்துவிட வேண்டியிருந்தது. இதற்கு மாற்று, 1967-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாவோன் காங், சைமன் சே ஆகிய இருவர் வெளியிட்ட ஒரு கருத்திலிருந்து பிறந்தது. டிரான்சிஸ்டருக்குள், சுற்றிலும் மின்காப்புப் பொருள் சூழ்ந்த ஒரு சிறு தீவை அமைத்துவிடுவது. அந்தத் தீவுக்குள் எலெக்ட்ரான்களை வலிந்து புகுத்திவிடுவது. கரை கடக்க வழியின்றி அவை ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றுக்குக் கவலை இல்லை. 1971-இல் இன்டெல்லைச் சேர்ந்த டோவ் ஃப்ரோமன் இம்முறையில் ஈ-பி-ரோம் என்னும் சில்லைச் செய்தார். அதன் முதுகில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன்வழியே புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால், சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் விடுபட்டுப் பழைய எழுத்து அழியும். பின்னர், கதிரும் வேண்டாம், மின்னழுத்தமே போதும் என்ற நிலை வந்தது, அதுவே ஈ-ஈ-பி-ரோம். ஒவ்வொரு பைட்டாக அழித்து எழுதாமல், தொகுதி தொகுதியாக ஒரே நொடியில் அழிக்கும் வகையை ஜப்பானியத் தொஷிபா நிறுவனத்தின் ஃபூஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு எடுத்துரைத்தார். அழிக்கும் வேகம் புகைப்படக்காரரின் பளிச்சொளியை நினைவூட்டியதால் அதற்கு 'ஃபிளாஷ்' என்று பெயர் வந்தது. கைப்பேசியின் 128 ஜி.பி.யும், சட்டைப்பையில் வைக்கும் பென் டிரைவும் இந்த ஃபிளாஷ் வகையே. இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் தீவின் கரை சிறிதே தேய்கிறது. குறித்த எண்ணிக்கைக்குமேல் அது எழுத்தைத் தாங்காது.

இத்தனை வகை ஏன்? மிக வேகமும், மிகுந்த கொள்ளளவும், மறவாமையும், மலிவும் கொண்ட ஒரே நினைவகத்தைச் செய்துவிடலாகாதா? இதுவரை செய்ய இயலவில்லை. வேகத்தின் வேறுபாட்டை உணர ஓர் உவமை சொல்கிறேன். செயலிக்குள் இருக்கும் எஸ்-ரேம், கேட்டதை எடுத்துத்தர ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கணக்கில், டி-ரேமுக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும். ஃபிளாஷுக்குப் பகல் முழுவதும் போய் இரவும் வந்துவிடும். சுழலும் காந்தத் தட்டுக்கோ, ஒரு நெற்பயிரை நட்டு அறுக்கும் காலமாகிய ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். ஆகவே வேகமானது சிறிதாகவும், மெதுவானது பெரிதாகவும் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளைப் பாருங்கள். வெயிலில் உலர்த்தும் களம் உண்டு. மூட்டைகளை அடுக்கும் கிடங்கும் உண்டு. வேலை நடப்பது களத்தில். காப்பாற்றி வைப்பது கிடங்கில். திடீரென்று மழை வந்தால் களத்தில் கிடப்பது பாழ். கிடங்கில் இருப்பது பத்திரம். ரேம் என்பது களம்; ஃபிளாஷ் என்பது கிடங்கு; மின்தடை என்பது மழை. 'சேமி' என்னும் கட்டளை, களத்திலிருந்து கிடங்குக்கு அள்ளிச் செல்வது.

ஒரே வண்டிக்குள் இரு வகையும் குடியிருப்பதை நாமக்கல்லில் காணலாம். லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அங்குள்ள பட்டறைகளில் புதிய லாரியின் பாட்டரி இணைப்பைக் கழற்றிப் பின்னர் மாட்டினால், பாட்டுப்பெட்டியின் கடிகாரம் பெரும்பாலும் நேரத்தை மறந்து தொடக்கத்துக்கு வந்து நிற்கும். ஆனால் வண்டி ஓடிய கிலோமீட்டர்க் கணக்கு, ஓர் இலக்கமும் மாறாமல் அப்படியே இருக்கும். முன்னது மின்சாரம் உள்ளவரை நிற்கும் நினைவில் இருந்தது. பின்னது மறவாத சில்லில் இருந்தது. மறவாத சில்லாயினும் அது மாற்றி எழுதத்தக்க சில்லே; இல்லாவிடில் வண்டி ஓட ஓடக் கணக்கு எப்படிக் கூடும்? அந்தக் காரணத்தாலேயே, பழைய வண்டி வாங்குவோர் கிலோமீட்டர்க் கணக்கை மட்டும் நம்பி விலை பேசுவதில்லை. நிலைத்த எழுத்து எல்லாம் நேர்மையான எழுத்து ஆகிவிடாது என்பதை வண்டித் தொழிலில் உள்ளவர்கள் நன்கு அறிவார்கள்.

இனி, நாம் ஒவ்வொருவரும் கைவைத்துப் பழகும் நினைவகம் ஒன்றுக்கு வருவோம். அது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். 1982-இல் கேரளத்துப் பரவூர்த் தொகுதியின் 50 சாவடிகளில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடம் இல்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தால் நடந்தது 2001-இல். அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1996-இல், நமக்கு அண்டையிலுள்ள ஈரோட்டு மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றதும், வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட நேர்ந்ததும் முதியவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆசிரியராக இருந்தவர்களுக்குத் தேர்தற் பணி புதிதன்று. 2001-இல் நாமக்கல் வட்டாரத்துச் சாவடி ஒன்றில் நான் தலைமை அலுவலராக இருந்தேன். வாக்களித்துவிட்டுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், "சீட்டும் இல்லீங்க, பெட்டியும் இல்லீங்க. நான் போட்டது எங்கீங்க வாத்தியாரே போய் உக்காந்திருக்கும்?" என்று கேட்டார். படித்தவர் பலர் கேட்காத கேள்வி அது. ஒரு குடியரசில் அதனைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு; விடை சொல்லும் கடமை விவரம் அறிந்தவர்களுக்கு உண்டு.

விடையை நம் இரண்டு கேள்விகளைக் கொண்டு காண்போம். இயந்திரம் இயங்குவது பாட்டரியால். மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும் அதனை அணைத்து, அரக்கு வைத்து, வாக்கு எண்ணும் மையத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்குச் சாலை இல்லாதிருந்த நாள்களில், 2021 தேர்தலிலும்கூட, இயந்திரங்களைத் தலைச்சுமையாக மலைமேல் ஏற்றி, அவ்வாறே இறக்கிக் கொணர்ந்தார்கள். எண்ணிக்கைக்கு வாரக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. ஆகவே வாக்குகள் ரேமில் இருந்தால் வழியிலேயே ஆவியாகிவிடும். மறவாத சில்லில்தான் இருக்க வேண்டும். அழிக்கும்வரை முடிவு கட்டுப்பாட்டுக் கருவியின் நினைவகத்தில் நிற்கும் என்பது தேர்தல் ஆணையத்தின் விளக்கம்.

அந்தச் சில்லில் எழுத முடிய வேண்டுமா? கட்டாயம் வேண்டும், ஒவ்வொரு வாக்கும் ஒரு புதிய எழுத்தல்லவா? அழிக்கவும் முடிய வேண்டுமா? அதுவும் வேண்டும். ஏனெனில் காலையில் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளாவது போட்டு ஒத்திகை நடத்துகிறோம். முடிவைக் காட்டிவிட்டு, அழிக்கும் பொத்தானை அழுத்தி எல்லாம் சுழியாயிற்று என்று அனைவரும் கண்டபின்னரே முத்திரையிடுகிறோம். அழியாத நினைவகமாயின் ஒத்திகை வாக்கும் உண்மை வாக்கோடு கலந்துவிடும். ஆக, வாக்கு இருக்கும் நினைவகம் நிலைத்தது. ஆனால் மாற்றி எழுதத்தக்கது.

மற்றொரு நினைவகமும் உள்ளே இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும், எவ்வாறு எண்ண வேண்டும் என்னும் கட்டளை நிரல் இருக்கும் இடம் அது. அது மாறவே கூடாது. மூன்று கருவிகளிலும் உள்ள நுண்கட்டுப்படுத்திச் சில்லுகள் ஒருமுறை மட்டும் எழுதத்தக்கவை என்று ஆணையம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. நாம் முன்னே கண்ட பி-ரோமின் இயல்பு இது. அச்சிட்ட சீட்டை ஏழு விநாடி கண்ணாடிவழியே காட்டும் வி.வி.பாட் கருவியிலோ இரண்டு நினைவகங்கள் உண்டு. ஒன்றில் மாறாத நிரல். மற்றொன்றில் அந்தந்தத் தொகுதி வேட்பாளர்களின் சின்னங்கள். சின்னங்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் மாறுவன. ஆகவே அவற்றை ஏற்றுவதற்குச் சின்னமேற்றும் கருவி என்று தனியாக ஒன்று உண்டு.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. வாக்கு இருக்கும் நினைவகம் மாற்றி எழுதத்தக்கது என்றால், தகாதவர் கையில் அகப்பட்டால் என்னாகும்? பழைய இயந்திரம் ஒன்றைத் திறந்து ஆராய்ந்த சில ஆய்வாளர்கள், வாக்குகள் இரண்டு ஈ-ஈ-பி-ரோம் சில்லுகளில் இரட்டையாகப் பதிவாவதையும், இயந்திரத்தைத் திறக்க வாய்ப்புக் கிடைத்தவர் அவற்றை மாற்றி எழுத இயலும் என்பதையும் 2010-இல் எழுதினார்கள். காவலும் முத்திரையும் முகவர்களின் கண்காணிப்பும் இருக்கும்போது அத்தகைய வாய்ப்பே நேராது என்பது ஆணையத்தின் மறுமொழி. இரு தரப்பையும் கேட்கும்போது ஒரு பாடம் தெளிவாகிறது. மறவாத சில்லு தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை. அதனைக் காப்பவை அரக்கும், பூட்டும், பதிவேடும், விழித்திருக்கும் மனிதர்களுமே. பழைய மரப்பெட்டிக்கும் இதே விதிதான் இருந்தது.

2024 ஏப்ரல் 26-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதுபற்றி ஒரு தீர்ப்பை வழங்கியது. வாக்குச்சீட்டு முறைக்கே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. ஆயினும் இரண்டு கட்டளைகளை இட்டது. சின்னமேற்றும் கருவிகளை முத்திரையிட்டு, முடிவு வெளியான பின் 45 நாள்களேனும் காக்க வேண்டும் என்பது ஒன்று. தேர்தல் வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் கெடுவும் 45 நாள்களே என்பதைக் கருதினால் இதன் பொருள் விளங்கும். இரண்டாம் மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் ஏழு நாள்களுக்குள் எழுத்துமூலம் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து விழுக்காட்டு இயந்திரங்களின் 'எரித்து எழுதிய நினைவகத்தை'த் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர் சோதித்துக் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று.

எந்த நினைவகம் என்பதைக் கவனியுங்கள். வாக்கு எண்ணிக்கை இருக்கும் நினைவகம் அன்று; நிரல் இருக்கும் நினைவகம். சோதனை என்பது ஒத்திகை வாக்கு போட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. அதற்காகப் பழைய தரவும் அழிக்கப்படுகிறது என்று மனுதாரர்கள் மறுபடி நீதிமன்றம் சென்றார்கள். 2025 பிப்ரவரியில் நீதிபதிகள், சோதனையின்போது தரவை அழிக்கவும் வேண்டாம், மறுபடி ஏற்றவும் வேண்டாம் என்று சொன்னார்கள். நிரல் நினைவகம், தரவு நினைவகம் என்னும் வேறுபாட்டை அறிந்தவருக்கே அந்த வாக்குவாதத்தின் பொருள் புரியும். அறியாதவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். யாவும் மோசடி என்பார், அல்லது யாவும் சரி என்பார். குடியரசுக்கு இரண்டும் நல்லதன்று.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் பதினெட்டு வயதை எட்டும் நிலையில் இருக்கிறீர்கள், சிலர் எட்டிவிட்டீர்கள். பள்ளியில் ரேம், ரோம் என்று ஒரு மதிப்பெண் வினாவுக்காகப் படிப்பது, நாளை ஒரு செய்தித்தாளைப் படித்து எது மெய், எது பொய் என்று நிறுத்துப் பார்க்கவும் உதவ வேண்டும். மருத்துவமனைக் கருவியாயினும், வங்கி அட்டையாயினும், உங்கள் கையிலிருக்கும் பேசியாயினும், அதன் நினைவைப் பற்றி இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். மின்சாரம் போனால் இது நிற்குமா? நின்றாலும், இதனை மாற்றி எழுதக்கூடியவர் யார்? முதற்கேள்விக்கு விடை சில்லில் இருக்கிறது. இரண்டாம் கேள்விக்கு விடையில் ஒரு பாதி சில்லில் இருக்கிறது. மறுபாதி, அதனைக் காவல் செய்யும் மனிதர்களிடம் இருக்கிறது. அந்த மனிதர்களாக நாளை இருக்கப்போகிறவர்கள் நீங்களே.